கிரேக்க எழுத்தில் வந்த அழைப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான். டெக்சாஸில் பிஎஸ்என் என்ற நர்சிங் இளநிலைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ‘சிக்மா தீட்டா டவ்’ என்ற சங்கத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, பணம் கட்டச் சொல்கிறார்கள், சேர விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குச் சில வரிகள் தள்ளி, போன மாதம் கிளினிக்கல் என்ற மருத்துவமனைப் பயிற்சி முடிந்து வந்த இரவில் அவள் சாப்பிடாமல் அழுததையும், என்னவென்று கேட்டதற்கு “உனக்குச் சொன்னா புரியாதும்மா” என்றதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிரேக்க எழுத்துப் பெயரைப் பார்த்ததும், சேர்ந்து தங்கி பார்ட்டி நடத்தும் மாணவிகள் சங்கமான சொராரிட்டி என்று நினைத்துவிட்டீர்கள். இங்கே பெண்ணைப் படிக்க வைக்கும் எந்த அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் வரும். இது அது இல்லை. 1922-இல் இண்டியானாபொலிஸில், இண்டியானா பல்கலைக்கழக நர்சிங் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆறு மாணவிகள் தொடங்கிய ஹானர் சொசைட்டி, அதாவது நன்றாகப் படிப்பவர்களை அழைத்துச் சேர்க்கும் சங்கம். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னதைச் செய்வதுதான் நர்ஸின் வேலை என்று பலரும் எண்ணிய காலத்தில், எங்கள் தொழிலுக்கும் அறிவும் ஆராய்ச்சியும் உண்டு என்று அந்த ஆறு பேரும் நம்பினார்கள். ஸ்டோர்கே, தார்சோஸ், டீமே என்ற மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள்தாம் பெயராயின. அன்பு, துணிவு, மதிப்பு என்று பொருள். 1936-இலேயே நர்சிங் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு முன் எந்த அமைப்பும் அதைச் செய்ததில்லை. இன்று ‘சிக்மா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நூறு நாடுகளுக்கு மேல், ஒரு லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள்.

யாரை வேண்டுமானாலும் கூப்பிட மாட்டார்கள். இளநிலை மாணவி என்றால் நர்சிங் பாடத்திட்டத்தில் பாதியையாவது முடித்திருக்க வேண்டும். ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி நான்குக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வகுப்பில் முதல் 35 சதவீதத்துக்குள் வர வேண்டும். கல்வி நேர்மையிலும் குறை இருக்கக் கூடாது. அவளாகவே உழைத்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். அழைப்பைப் பற்றி அவளிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அழைப்பு உண்மையானதுதானா என்று பார்ப்பதும் எளிது. சிக்மாவில் மாணவர்கள் கல்லூரிக் கிளை வழியாகத்தான் சேர்கிறார்கள். அந்தக் கிளைக்குப் பொறுப்பாக நர்சிங் துறைப் பேராசிரியர் ஒருவர் இருப்பார். மகள் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கல்லூரியில் யாருக்குமே தெரியாத ஒரு ‘ஹானர் சொசைட்டி’ மின்னஞ்சலில் பணம் கேட்டால், அது எவ்வளவு அழகான பெயரில் வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கட்டணம் கிளைக்குக் கிளை மாறும், வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இந்த மாதம் கை கடிக்கிறது என்றால் கூச்சப்படாமல் கிளைப் பொறுப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் நீங்கள், உங்கள் கணவர், மூத்த மகன் எல்லோரும் ஐடியில் இருக்கிறீர்கள். ஒரு நர்ஸ்கூட உறவில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் “புரியாது” என்றது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை. அவள் பார்த்ததை முழுதாகச் சொல்ல அவளுக்கு அனுமதியும் இல்லை. ஹிப்பா என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளி யார் என்று தெரிகிற மாதிரி எந்தத் தகவலையும் வெளியே பேசக் கூடாது என்கிறது. முதல் வருடத்திலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் பாதி விழுங்கிப் பேசுவது அதனால்தான்.

அப்படியானால் யாரிடம் பேசுவாள்? கிளினிக்கல் ஆசிரியர் அவளுக்கு மதிப்பெண் போடுகிறவர். நாளை வேலைக்குச் சேர்ந்தால் பிரிசெப்டர் என்று ஒருவர் சில வாரங்கள், சில மாதங்கள் கூடவே நின்று வேலை சொல்லிக்கொடுப்பார். நல்லவராகவே இருந்தாலும், அவள் தனியாக ஷிஃப்ட் எடுக்கத் தயாரா என்று அறிக்கை எழுதப்போகிறவரும் அவர்தான். தோழிகளுக்கும் அவளைப் போலவே இன்னும் அனுபவம் இல்லை. மென்டர் என்பவர் இந்த மூவரிலும் சேராதவர். அவளை எடைபோட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த வார்டில் நின்று, அந்த அழுகையை அழுது, மறுநாளும் வேலைக்குப் போனவர். என்னிடம் ஆலோசனைக்கு வரும் நர்சிங் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, இப்படி ஒருவர் உனக்கு இருக்கிறாரா என்பதுதான். பலர் பிரிசெப்டரின் பெயரைச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்டில் ஆள் குறைவு. ஒரு சீனியர், சரியான ஆள்தானா என்று பார்க்க நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்யாமலே மாத்திரையைக் கொடுத்துவிட்டு, “இப்படித்தான் வேகமா முடிக்கணும்” என்று உங்கள் மகளுக்குச் சொல்கிறார். தவறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளோ மாணவி, அவரோ இருபது வருட அனுபவசாலி. தொழில் நெறி என்று வகுப்பில் படித்தது சோதனைக்கு வருவது இந்த மாதிரி நேரத்தில்தான். என்ன வார்த்தையில் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு அதே வார்டில் எப்படி நிற்பது என்பதையெல்லாம் அந்த நிலைமையைத் தாண்டி வந்தவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும். சங்கத்தின் பெயரில் ‘துணிவு’ இருப்பதன் பொருள் எனக்கு இங்கேதான் புரிகிறது.

சிக்மா கிளையில் மாணவர்களோடு பேராசிரியர்கள், மருத்துவமனைகளில் பொறுப்பில் இருக்கும் நர்ஸ்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். நன்றாக இயங்கும் கிளையில் ஆய்வுப் போஸ்டர் வைக்கிறார்கள், கல்வி உதவித்தொகை தருகிறார்கள், புதியவர்களை மூத்தவர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். எல்லாக் கிளையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் சேர்ப்பு விழா முடிந்தால் அடுத்த வருடம் வரை எதுவும் நடக்காது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அவள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கடந்த ஒரு வருடத்தில் இந்தக் கிளை என்ன செய்தது, மென்டர் ஏற்பாடு இருக்கிறதா? பதில் நிறைவாக இருந்தால் யோசிக்காமல் சேரட்டும். மென்டர் திட்டம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், கூட்டத்துக்குப் போய், தனக்குப் பிடித்த ஒரு மூத்த நர்ஸிடம் “மாசத்துக்கு அரை மணி நேரம் உங்களோடு பேசலாமா?” என்று அவளே கேட்கலாம். நம் பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்கக் கூச்சம் அதிகம். தொந்தரவு செய்யக் கூடாது என்று நாம்தான் சொல்லி வளர்த்தோம்.

உறுப்பினராகிவிட்டால் வேலை நிச்சயம் என்று எண்ணிவிடாதீர்கள். நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ரெஸ்யூமேயில் ஒரு நல்ல வரி, அவ்வளவுதான். பின்னாளில், நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித்தரும் நர்ஸ் பிராக்டிஷனராகவோ ஆசிரியராகவோ மேலே படிக்க விண்ணப்பிக்கும்போது, அவளை நேரில் அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இந்தப் பழக்கத்தால் கிடைத்தால் அதுதான் பெரிய பலன். முதல் வேலை தேடும்போது சம்பளத்தோடு, புதிய நர்ஸ்களுக்கான ரெசிடென்சி பயிற்சி அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தோழியின் மகளுக்கு அழைப்பு வரவில்லை, ஒடிந்துபோயிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். 1952-இல் தொடங்கிய தேசிய மாணவர் நர்ஸ் சங்கம் இருக்கிறது, அதில் சேர இப்படி ரேங்க் பார்ப்பதில்லை. படித்து முடித்து நர்ஸாகத் தலைமைப் பொறுப்பில் ஏதாவது செய்து காட்டினாலும் சிக்மாவில் சேர வழி இருக்கிறது. இரண்டையும் அவளிடம் சொல்லுங்கள்.

இன்றிரவு மகளிடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். “பெயர் சொல்ல வேண்டாம், உனக்கு எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அந்த அழைப்பில் கடைசித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.