மார்ச் 14-க்குள் 12 வயது மகனோடு ஒருமுறை ஆற்றில் தூண்டில் போட ஆசை. எந்த நாள் போகலாம், என்ன மீன் கிடைக்கும்? (இங்கிலாந்து)

14-ஆம் தேதி வரை தள்ளிப்போடாதீர்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இங்கே ஆறுகளில் கோர்ஸ் மீன்களுக்கு, அதாவது சால்மன், டிரௌட் வகை தவிர்த்த நன்னீர் மீன்களுக்கு, தூண்டில் போடக் கூடாது. முட்டையிடும் காலம் என்று 1878-இல் சட்டம் போட்டதிலிருந்து இப்படித்தான். அதனால் கடைசி நாளில் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு ரெடிங் நகரத்துப் பக்கம் கென்னட் ஆற்றுக்குப் போனேன். முந்தின இரண்டு நாள் மழையில் ஆறு பால் விட்ட டீ மாதிரி கரை தொட்டு ஓடுகிறது, நாள் முழுக்க உட்கார்ந்து எனக்கு மாட்டியது இரண்டு மரக்கிளை.

அடுத்த வருடம் புத்தி வந்து, பிப்ரவரி கடைசியில் உறைபனி இல்லாத மூன்று நாளாகப் பார்த்து, தண்ணீர் வடிந்து தெளியத் தொடங்கியதும் மதியம் இரண்டு மணிக்கு மேல் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் போய்க் குளிரில் நடுங்குவது வீண், இருட்டுவதற்கு முந்தின ஒரு மணி நேரம்தான் நேரம். அந்தக் குளிரிலும் இரை எடுக்கிற மீன் என்றால் நான் சப் (chub) என்கிற கோர்ஸ் மீனைத்தான் நம்புவேன். பார்பெல் (barbel) என்கிற இன்னொரு ஆற்று மீனுக்குத் தண்ணீர் கொஞ்சமாவது சூடேற வேண்டும். இரைக்கு எங்கும் அலைய வேண்டாம், கடையில் விற்கிற சாதா வெள்ளை பிரெட் போதும்: நடுப்பகுதியைக் கட்டைவிரல் அளவு பிய்த்து, தூண்டில் முள்ளின் தண்டைச் சுற்றி மட்டும் அழுத்திவிட்டு, முனையை வெளியே விட்டுவிடுங்கள், தண்ணீரில் அது பஞ்சு மாதிரி ஊதிக்கொள்ளும். தண்ணீருக்குள் கிளை தொங்குகிற இடம், ஓட்டம் மெதுவாகிற ஓரம், அங்கே போடுங்கள். அன்று வெளிச்சம் மங்கும்போது கோலின் நுனி இரண்டு தடவை லேசாகத் துடித்தது, அப்புறம் ஒரே வளையாக வளைந்தது. பித்தளை நிறச் செதில், தடித்த வெள்ளை உதடு, ஒன்றரைக் கிலோ இருக்கும். தூண்டில் முள்ளை எடுக்க மீனின் தொண்டைக்குள் விரலை விடாதீர்கள், பல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

“குழம்பு வைக்கலாமா?” என்று ஊரிலிருந்து மாமா வீடியோ காலில் கேட்டார். முடியாது மாமா, ஆற்றில் 20 செ.மீ.க்கு மேலான சப் மீனைத் திரும்ப விட்டாக வேண்டும். சின்னதுகளை எடுக்கவும் ஆற்றின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், எப்படியும் அது முள் மூட்டை.

13 வயது ஆகாததால் பையனுக்கு ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் போடுவதற்கான உரிமம், தேவையில்லை, உங்களுக்கு வேண்டும். அது இருந்தாலும் அந்தக் கரையில் ஒரு நாள் மீன் பிடிக்க டே டிக்கெட் தனி, கரையைப் பார்த்துக்கொள்ளும் மீன்பிடி கிளப்பில் முன்பே கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை எடுத்துப் போகாதீர்கள், அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் 1987-இலிருந்து அந்தச் சின்ன ஈயங்களுக்குத் தடை. நாள் தவறிவிட்டால் ஏரிகள் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும், எனக்கென்னவோ அதில் ஆறு மாதிரி மனசு ஒட்டுவதில்லை.

பையனுக்கு இன்னொரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள் அந்த சப் மீனை ஆற்றில் திரும்ப விடக் குனிந்தவள் முழங்கால் வரை நனைந்து, வீடு வரை என் சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.