சொந்த ஃபவுண்டேஷனோடு வரும் நாயகி

கேள்வி: அட்லாண்டாவில் ஒரு குறும்படத்துக்கு மேக்கப், தலையலங்காரம் இரண்டும் என் பொறுப்பு. நாயகி கறுப்பின அமெரிக்கப் பெண். முதல் நாளே முடியைப் பின்னிக்கொண்டு, முகத்துக்கான ஃபவுண்டேஷன் பூச்சும் கையோடு கொண்டுவந்தார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையா?
– வாசகி, ஜார்ஜியா

பதில்: வருத்தப்படாதீர்கள், அது சூடுபட்ட பழக்கம். பெரும்பாலான கறுப்பின நடிகைகள் தலையை முடித்துக்கொண்டோ, விக்கைக் கையில் எடுத்துக்கொண்டோதான் புது செட்டுக்குள் நுழைகிறார்கள் என்று 2019இல் நடிகை இவெட் நிக்கோல் பிரவுன் வெளிப்படையாகச் சொன்னார். பல செட்டுகளில் அவர்கள் நிறத்துக்குப் பூச்சு இருக்காது, சுருள்முடியைக் கையாளத் தெரிந்தவரும் இருக்கமாட்டார்.

இது பழைய கதை. 1940களில் கறுப்பினப் பாடகி-நடிகை லீனா ஹோர்னுக்காக மேக்ஸ் ஃபேக்டர் என்ற மேக்கப் நிறுவனம் 'லைட் எகிப்தியன்' என்றொரு பூச்சைத் தயாரித்ததாம். பிறகு ஸ்டூடியோக்காரர்கள் அதையே வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, தனக்கு வரவேண்டிய கலப்பின வேடங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று ஹோர்னே சொல்லியிருக்கிறார். பூச்சு கிடைத்தது, வேடம் போனது!

இனி உங்கள் வேலை. நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கருத்திருப்பது சகஜம், அதனால் ஒரே ஷேடு போதாது. இரண்டு மூன்றைக் கலந்து, தாடையிலும் நெற்றியிலும் தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணடியில் முதலில் கருமையைச் சரிக்கட்டும் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிசாகத் தடவிய பிறகே, அதை மறைக்கும் பூச்சான கன்சீலர். நேராகக் கன்சீலர் போட்டால் சாம்பல் பூத்துவிடும். வெள்ளைப் பவுடரும் அப்படித்தான். பளபளப்பை முழுக்கத் துடைத்தெடுக்காதீர்கள். கருஞ்சருமத்தின் வடிவத்தைக் கேமராவுக்குக் காட்டுவதே அந்த மினுமினுப்புதான். முகம் இருட்டாகத் தெரிந்தால் இன்னும் பவுடர் போடாமல் கேமராமேனிடம் சொல்லுங்கள். பெரிய வெள்ளைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் சரியாகும்.

பின்னலைப் பிரிக்க நேர்ந்தால் உலர்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. தண்ணீரும் கண்டிஷனரும் தெளித்து, நான்காகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிக்கெடுங்கள். வேரிலிருந்து இழுத்தால் முடிச்சு இறுகி முடி அறும். நெற்றியோரத்தில் பின்னலும் விக் பசையும் நாள்தோறும் இழுத்தால் அங்கே முடி கொட்டும், சில சமயம் திரும்ப முளைக்காது. சூட்டுக் கருவியால் அடிக்கடி நீட்டினாலோ சுருள் தளர்ந்து போகும்.

பின்னலுக்கு அரைநாளும் போகலாம். அந்த நேரமும் பணமும் பெரும்பாலும் நடிகையின் கைக்காசுதான், சம்பளத்தில் சேராது. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த ஒப்பந்தத்தில் முடி, மேக்கப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. உங்களுடையது சிறிய படமாக இருந்தாலும் பின்னிய செலவைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள். கால்ஷீட்டில் அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அவர் கொண்டுவந்த ஃபவுண்டேஷனின் பெயரையும் ஷேடு எண்ணையும் குறித்துக்கொண்டு, அடுத்த ஷெட்யூலுக்கு நீங்களே வாங்கி வையுங்கள்.