பிரிட்டனுடனான 1812 போருக்குப் பின் தேசிய உணர்வு மேலோங்கியிருந்தும், ஈரி ஏரியை ஹட்சன் ஆற்றுடன் இணைக்கும் ஈரி கால்வாயை அமெரிக்க மைய அரசு ஏன் வெட்டவில்லை?

பணம் இல்லாமல் அல்ல. அரசமைப்பில் அதற்கு இடமில்லை என்று குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசன் கருதியதால்தான். போரின்போது சாலையும் வங்கியும் இல்லாமல் நாடு திணறியதைக் கண்ட அவர், 1816இல் இரண்டாம் தேசிய வங்கிக்கும், உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் இறக்குமதி வரிக்கும் ஒப்புதல் அளித்தார். ஆனால், அந்த வங்கி அரசுக்குத் தரவேண்டிய 15 லட்சம் டாலரைச் சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் ஒதுக்க காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கால்ஹூன் கொண்டுவந்த மசோதாவை, தன் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாளான 1817 மார்ச் 3 அன்று நிராகரித்துவிட்டார். (ஒன்றியத்தைச் சாலைகளால் பிணைக்கச் சொன்ன இதே கால்ஹூன்தான் பின்னாளில் மாநில உரிமையின் பெருங்குரலானார் என்பது வேடிக்கை.)

எனவே நியூயார்க் மாநிலம் தானே கடன்பத்திரங்களை விற்று, அதே ஆண்டு ஜூலை 4 அன்று வேலையைத் தொடங்கியது. ஆளுநர் டிவிட் கிளின்டனின் சாக்கடை என்று எதிரிகள் ஏளனம் செய்த அந்த வாய்க்காலின் ஆழம் வெறும் 4 அடி, அகலம் 40 அடி. நீளமோ 363 மைல். 1825இல் அது திறக்கப்பட்டபோது, கிளின்டன் ஈரி ஏரி நீரைப் பீப்பாயில் கொண்டுவந்து நியூயார்க் துறைமுகக் கடலில் ஊற்றினார். ஈரி ஏரிக் கரையிலுள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கை அனுப்ப ஏறத்தாழ 100 டாலராக இருந்த கூலி, பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. பிற மாநிலங்களும் போட்டிபோட்டுக் கடன் வாங்கிக் கால்வாய் வெட்டின. 1840களின் தொடக்கத்தில் அவற்றில் சில வட்டிகூடக் கட்ட முடியாமல் கைவிரித்தன.