தண்ணீரும் நெஞ்சில் நிற்கிறதா? அக்கலேசியா கேள்வி-பதில்

சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நெஞ்சில் நிற்கிறது. மூன்று வருடமாக கேஸ் மாத்திரை. எண்டோஸ்கோபி நார்மல். ‘டென்ஷன்’ என்கிறார்கள்.

இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் மாறி வந்துகொண்டே இருக்கிறது. கட்டி இருந்தால் முதலில் கெட்டி உணவு சிக்கும், அப்புறம்தான் நீராகாரம். இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சிக்கினால், கோளாறு உணவுக்குழாயின் இயக்கத்தில். அக்கலேசியாவில் குழாய்ச் சுவரின் நரம்பு செல்கள் அழிந்து, கீழ் வால்வு திறக்க மறுக்கிறது. எண்டோஸ்கோபி உள்சுவரைப் பார்க்கும், அழுத்தத்தை அளக்காது. தொடக்க நிலையில் நார்மல் என்றே வரலாம். தேங்கிய உணவு புளித்தாலும் நெஞ்சு எரியும். அதைப் பார்த்து அசிடிட்டி என்று எழுதிவிடுகிறார்கள். காலையில் தலையணையில் ராத்திரி சாப்பிட்ட சோற்றுப்பருக்கை கிடக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? எடை குறைந்த இளம்பெண் என்றால் ‘டயட் இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்கத் தெரிகிறது. வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய், எல்லா டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்கள், சரி. ஆனால் மூன்று வருட மாத்திரை பலிக்காதபோது சந்தேகம் வர வேண்டாமா? உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி கேளுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய், சில மடக்கு தண்ணீர், மயக்க மருந்து கிடையாது. கூடவே பேரியம் எக்ஸ்ரே.

அக்கலேசியா என்று ரிப்போர்ட். பலூனா, போயமா?

மானோமெட்ரியில் எந்த டைப் என்று வந்தது? வயதென்ன? ஒன்றும் எழுதாமல் தீர்ப்பு கேட்டால் எப்படி? டைப் 3 என்றால் போயம், அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு வால்வுத் தசையை வெட்டுவது. 1, 2 என்றால் வால்வை விரிக்கும் பலூன், வயிறு வழியாக அதே தசையை வெட்டும் ஹெல்லர் ஆபரேஷன், போயம் மூன்றுமே பலன் தரும். பலூனைத் திரும்பச் செய்ய நேரலாம். 2008-ல் ஜப்பானில் இனோவே தொடங்கிய போயத்துக்குப் பிறகு அமிலம் மேலேறுவது அதிகம். மானோமெட்ரி இல்லாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

அப்பாவுக்கு 68. நான்கு மாதமாகத்தான் சிக்கல், 10 கிலோ இறங்கிவிட்டார். மானோமெட்ரியில் அக்கலேசியா.

இந்த வயதில், இந்த வேகத்தில் வந்தால் வால்வு அருகே புற்றுநோய் ஒளிந்திருந்து அக்கலேசியா வேஷம் போடலாம். சிகிச்சைக்கு முன் சி.டி. ஸ்கேன். இந்த வாரமே.

வால்வைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி?

மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கு. சில மாதம் ஓடும்.

போயம் முடிந்து ஒரு வருடம். எரிச்சலே இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

யாரைக் கேட்டு? எரிச்சல் தெரியாமலே உணவுக்குழாய் புண்ணாகும். எண்டோஸ்கோபி பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். சாப்பிட்டதும் படுக்காதீர்கள், தலைமாட்டை உயர்த்துங்கள்.

எண்டோஸ்கோபிக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி போதுமா?

உங்களுக்குப் போதாது. ஒன்றிரண்டு நாள் நீராகாரம் மட்டும் என்பார்கள். தேங்கியது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரை நீங்களே சொல்லுங்கள்.