தாழ்ப்பாளைக் கழற்றலாமா? – பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகள்

அம்மா குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக மாற்றுங்கள். முடிந்தால் கதவும் வெளிப்பக்கம் திறக்கட்டும்; விழுந்தவர் உள்ளே கதவை ஒட்டிக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அசைக்க முடியாது. மாற்றுமுன் அம்மாவிடம் கேளுங்கள்.

அப்பா ஒரு வாரமாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வயதானால் இப்படித்தானே?

வயது என்ன, என்னென்ன மாத்திரை, ஒன்றும் எழுதவில்லை. டிமென்ஷியா என்ற மறதி நோய் பொதுவாக ஒரு வாரத்தில் முளைப்பதில்லை. திடீர்க் குழப்பத்துக்குத் தொற்று, நீரிழப்பு, ரத்தத்தில் சோடியம் உப்பு குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் படுக்கையறையில் அவருக்குத் தெரியாமல் கேமரா வைத்திருக்கிறோம். தெரிந்தால் சண்டை வருமா?

வரத்தான் வேண்டும். அவர் புடவை மாற்றுகிற அறை அது. படம் உங்கள் போனுக்கு மட்டும்தான் வருகிறதா? பல கேமராக்கள் கம்பெனி சர்வருக்கும் அனுப்புகின்றன. பாஸ்வேர்டு குடும்பத்தில் யார் யாரிடம் இருக்கிறது? இப்படிக் கேட்டு எழுதுபவர்கள் எல்லாரும் ‘பாதுகாப்புக்காக’ என்கிறார்கள். விழுந்துவிடுவார் என்ற பயமா? கேமரா விழுவதைப் படம் பிடிக்கும், தடுக்காது. கழிப்பறை வரை இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, மணிக்கட்டில் அவசர பட்டன், இவற்றுக்குச் செலவிடுங்கள். மாத்திரைதான் கவலை என்றால் கிழமை போட்ட டப்பா போதும். அப்புறமும் கேமரா வேண்டுமென்றால், ஹாலில், அவர் சம்மதத்தோடு, அவரே அணைக்கும்படி வையுங்கள். ஞாபகம் மங்கியவர் என்றாலும் சொல்லித்தான் வைக்க வேண்டும். மறந்தால் மறுபடி சொல்லுங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

அப்பாவுக்குக் காது மந்தம். கத்திச் சொன்னால் கோபப்படுகிறார்.

கத்தாதீர்கள். வயதாகும்போது காதுக்கு முதலில் கேட்காமல் போவது கீச்சான ஒலிதான். கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு எதிரே நின்று, கீச்சில்லாத கனத்த குரலில் நிதானமாகச் சொல்லுங்கள். அவருடைய நோய் விவரத்தை இப்படி உரக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அதுவும் ஒரு காரணம்.

அம்மாவின் பேங்க் கணக்கை நான்தான் பார்க்கிறேன். தம்பி விவரம் கேட்கிறான்.

அம்மா சரி என்றால் காட்டுங்கள். அம்மா சார்பில் நீங்கள் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரமும் அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். தெளிவு போன பிறகு போடும் கையெழுத்து நிற்காது.

அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய டாக்டரிடம் பேசலாமா?

நீங்கள் கவனித்ததைச் சொல்லலாம், டாக்டர் கேட்டுக்கொள்வார். பதில் சொல்ல அப்பாவின் சம்மதம் வேண்டும்.