பைபோலாரா, பார்டர்லைனா: மூளைப் படத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: மகளுக்கு 24 வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை. ஒரு டாக்டர் பைபோலார் என்கிறார், இன்னொருவர் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார். அவளுக்குக் கவனம் நிற்கவில்லை, சொன்னது மறந்துபோகிறது. ‘பிரெயின் மேப்பிங்’ எடுத்தால் எதுவென்று தெரிந்துவிடுமாம், 18,000 ரூபாய். எடுக்கலாமா?
- ஒரு தாய், அல்சூர்

பதில்: வேண்டாம் அம்மா. பைபோலார் என்பது அதீத உற்சாகமும் மனச்சோர்வும் கட்டம் கட்டமாக வந்து போகும் நோய். பார்டர்லைன் என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. கலர் கலராகப் படம் கொடுப்பார்கள், அதைப் பார்த்து மாத்திரையை முடிவு செய்ய முடியாது. அங்கே போகச் சொன்னவருக்குக் கமிஷன் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

யோசிக்கும் திறனில் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. பைபோலாரில் கவனம், புதிதாகக் கேட்டதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது ஆகியவை பலருக்கு மனம் சீராக இருக்கும் மாதங்களிலும் சற்று மந்தம். பார்டர்லைனில் தடுமாற்றம் பெரும்பாலும் உறவு உரசும் நேரத்தில் வரும். நெருங்கியவர் போனை எடுக்காவிட்டால் போதும். சாதாரண முகம் கோபமுகமாகத் தெரியும், அந்த வேகத்தில் முடிவெடுப்பார்கள், சண்டையில் நடந்தது பின்னால் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் வரும். ஆனால் இதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்புகூட மறதி எவ்வளவு என்று அளக்கும், நோயின் பெயரைச் சொல்லாது. மறதிக்குக் குளோனசெபம், டோபிரமேட் போன்ற மாத்திரைகளே காரணமாகவும் இருக்கலாம். சீட்டைப் பாருங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரித்துக் காட்டுவது நாள் கணக்குதான். பைபோலாரில் மேனியா (அதீத உற்சாகம் அல்லது எரிச்சல்) குறைந்தது 7 நாள், ஹைப்போமேனியா (அதன் மிதமான வடிவம்) 4 நாள், மனச்சோர்வு 2 வாரம் நீடிக்கும். பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் மாறும், மிஞ்சிப்போனால் சில நாள். எட்டு வாரம் ஒரு நோட்டில் மகளையே எழுதச் சொல்லுங்கள்: தூங்கிய மணி, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், செலவு, மாறுவதற்கு முன் என்ன நடந்தது. மூன்று மணி நேரத் தூக்கத்திலும் களைப்பே இல்லாமல் பல நாள் ஓடினால் பைபோலார் பக்கம். அழுது விழித்து மறுநாள் துவண்டு கிடப்பது அதில் சேராது.

இதில் ‘ரேபிட் சைக்கிளிங்’ (வேகமாக மாறிமாறி வரும் பைபோலார்) என்ற சொல் படாதபாடு படுகிறது. காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்றால் உடனே அந்த முத்திரை, கூடவே இரண்டு மருந்து. தப்பு. 12 மாதத்தில் மேனியா, ஹைப்போமேனியா, மனச்சோர்வு என 4 அல்லது அதற்கு மேற்பட்ட முழுக் கட்டங்கள் வந்தால்தான் அது ரேபிட் சைக்கிளிங். ஒவ்வொரு கட்டமும் மேலே சொன்ன நாட்கணக்கை எட்ட வேண்டும். அப்படி உண்மையிலேயே வந்தால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை இதைத் தூண்டிவிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பும் ஓ.பி.யில் இதை யார் கேட்கிறார்கள்? நோட்டோடு போனால் நீங்களே கேட்கலாம். பழைய சிகிச்சைப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். 2017 மனநலச் சட்டம் அந்த உரிமையை உங்கள் மகளுக்குத் தருகிறது.

பார்டர்லைன் என்றால் முதன்மைச் சிகிச்சை டி.பி.டி. (உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் முறை) போன்ற பேச்சு சிகிச்சை. ‘கவுன்சிலர்’ என்ற பலகை போதாது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கையை வெட்டிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது இருந்தால் நோட்டு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.