நாலாவது ஸ்டேஜில் ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. பல வருடமாகக் கன்னத்தில் புகையிலை அடக்குவார். உள்கன்னத்தில் ஆறாத புண் வந்து, பயாப்ஸியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'டி4ஏ, என்1, எம்0 – ஸ்டேஜ் 4ஏ' என்று இருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். சொந்தக்காரர்களோ, "நாலாவது ஸ்டேஜுக்கு அப்புறம் எதற்குக் கத்தி வைக்கிறீர்கள்?" என்கிறார்கள்.
– ஒரு மகள், விருதுநகர்

பதில்: முதலில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். சொந்தக்காரர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நுரையீரலிலோ மார்பகத்திலோ நாலாவது ஸ்டேஜ் என்றால் நோய் வேறு உறுப்புக்குத் தாவிவிட்டது என்று பொருள். வாய்ப் புற்றுநோயில் அப்படி இல்லை. இங்கே 4ஏ, 4பி, 4சி என்று மூன்று உண்டு. தொலைவில் பரவியது 4சி மட்டும்தான். 4ஏ பெரும்பாலும் குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் பார்க்கிற கட்டம்.

அதனால் ஸ்டேஜ் எண்ணை விட்டுவிட்டு அந்த மூன்று எழுத்துகளைப் பாருங்கள். 'எம்0' என்றால் வேறெங்கும் பரவல் தெரியவில்லை. உங்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல். 'டி4ஏ' என்பது பெரும்பாலும் கட்டி தாடை எலும்புக்குள்ளோ கன்னத்தின் வெளித்தோலுக்குள்ளோ ஊடுருவியிருப்பதைச் சொல்லும். எது என்று டாக்டரிடம் கேளுங்கள். எவ்வளவு வெட்டி எடுத்து, எதை வைத்து மூடுவார்கள் என்பது அதைப் பொறுத்தது. 'என்1' என்றால் அதே பக்கக் கழுத்தில் 3 செ.மீ.க்கு மேற்படாத ஒரே ஒரு நெறிக்கட்டில் (நிணநீர்க் கணு) நோய் ஏறியிருக்கிறது.

ஆயுளைக் கணிப்பதில் டாக்டர்கள் அதிகம் கவனிப்பது இந்தக் கழுத்து நெறிக்கட்டைத்தான். அதில் நோய் ஏறிவிட்டால் ஐந்து வருடம் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நோய் நெறிக்கட்டின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தால் இன்னும் மோசம். 2017க்குப் பிறகு வந்த ஸ்டேஜ் முறையில் இதையும், புண் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நியாயமான மாற்றம்தான். மேலே சின்னதாகத் தெரிகிற புண் உள்ளே ஆழமாக ஓடியிருப்பது சாதாரணம்.

இன்னொன்று, இப்போது கையில் இருப்பது ஸ்கேனையும் பரிசோதனையையும் வைத்துப் போட்ட ஸ்டேஜ். ஆபரேஷனில் எடுத்த சதையை லேபில் பார்த்த பிறகு வருவதுதான் உறுதியான கணக்கு. அது கூடலாம், குறையவும் செய்யலாம். அந்த ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரங்கள் நோய் இல்லாமல் சுத்தமா, நெறிக்கட்டின் உறை கிழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று மோசமாக இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ரேடியேஷனோடு கீமோவும் சேர்ப்பது வழக்கம். ரேடியேஷனை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'ஐந்து வருடத்தில் இத்தனை சதவீதம்' என்று யார் சொன்னாலும் அது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா சாப்பிட்டு உடம்பைத் தேற்றுவதும், புகையிலையை இன்றைக்கே விடுவதும் ஸ்டேஜ் எண்ணில் வராது. ரேடியேஷனுக்கு முன்னால் பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சொத்தைப் பல் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவது நல்லது. ரேடியேஷன் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் லேசில் ஆறாது.